நடந்து கண்ட தாம்பரம்

சென்னைக் கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறுகிறவர்களுள் பெரும்பாலோருக்குத் தாம்பரம் ஓர் ஊராகத் தோன்றுவதே இல்லை. வண்டியின் முகப்பில் எழுதிய பெயராகவும், பிளாட்பாரத்து ஒலிபெருக்கி ஓயாமல் உச்சரிக்கும் அறிவிப்பாகவும், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சொந்த ஊர் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடும் குழந்தை குட்டிகளோடும் நள்ளிரவு வரையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற சந்திப்பாகவுமே அது ஜனங்களின் ஞாபகத்தில் இருந்து வருகிறது. 2023 டிசம்பர் மாதக் கடைசியில் கிளாம்பாக்கத்துப் பஸ் நிலையம் திறக்கப்பட்ட பிறகு அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி தெற்கே நகர்ந்துவிட்டது. ஆயினும், வந்து இறங்கி, வேறொன்றில் மாறி ஏறிப் போகிற இடம் என்ற பெயர் மட்டும் தாம்பரத்தை விட்டு நீங்கவில்லை. அங்கேயே குடியிருப்பவர்களிலும், காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு விரைந்து, இரவில் திரும்பி வந்து சாப்பிட்டுப் படுத்து, அடுத்த தெருவைப் பகல் வெளிச்சத்தில் பாராமலே வருஷங்களைக் கழித்துவிட்டவர்கள் அநேகர்.

இப்படிப்பட்ட ஓர் ஊரை, எந்தக் காரியத்தையும் உத்தேசிக்காமல், மூன்று நான்கு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, விடியற்காலையில் தொடங்கிப் பொழுது சாய்கிற வரையில் காலாற நடந்து பார்ப்பதில் ஓர் அலாதியான சுகம் இருக்கிறது. ஊரைச் சுற்றிப் பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிய வழக்கமன்று. சிலப்பதிகாரத்தில் மதுரையை அடைந்த கோவலன் வீதி வீதியாக நடந்து நகரத்தைக் காண்பதற்கென்றே ‘ஊர்காண் காதை’ என ஒரு காதையை இளங்கோவடிகள் ஒதுக்கியிருக்கிறார். பத்துப்பாட்டில் மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனாரோ பகல் அங்காடியில் தொடங்கி, அல்லங்காடியைக் கடந்து, மறுநாள் விடியல் வரையில் அந்நகரத்தின் முழு நாளொன்றையே நமக்குக் காட்டிவிடுகிறார். தூங்கா நகரமென்று புகழ்பெற்ற மதுரைக்கு அது தகும், ரயில் பாதையோரத்துப் புறநகருக்கு அப்படி என்ன விசேஷம் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்விக்கு விடையாக நாங்கள் நடந்த வழியையே இங்கே விவரிக்கிறேன்.

அதற்கு முன், கூட்டாளிகளைப் பற்றி ஒரு வார்த்தை. தனியே நடப்பவனுக்குத் தன் கண்ணுக்குப் பழகியதுதான் தென்படும். சிநேகிதர்களோடு நடக்கும்போது ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை மற்றொருவர் பிடித்து நிறுத்திக் காட்டுகிறார். எங்கள் கூட்டத்தில் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தாவர சாஸ்திரம் போதித்த ஆசிரியர் ஒருவர், கல்வெட்டுகளில் ஈடுபாடு கொண்ட அம்மையார் ஒருவர் இருந்தார்கள். ஐவருக்கு மேல் சேர்ந்தால் அது ஊர்வலமாகிவிடும். சம்பாஷணை இரண்டாகப் பிரிந்து, முன்னால் போகிறவர் சொல்வது பின்னால் வருகிறவர் காதில் விழாது.

மார்கழியிலிருந்து மாசி வரையில் உள்ள மாதங்களே இப்படி நடப்பதற்கு உகந்தவை. மழை ஓய்ந்து ஏரிகளில் தண்ணீர் நிற்கும். வெயிலும் பத்து மணி வரையில் இதமாக இருக்கும். தாம்பரத்தில் இறங்காமல், அதற்கு ஒரு ஸ்டேஷன் முன்னதாகவே, தாம்பரம் சானடோரியத்தில் இறங்கிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தப் பிரதேசத்தின் புதிய சரித்திரம் பெரிதும் அங்கேதான் ஆரம்பமாகிறது. இன்று ஏற்றுமதித் தொழிற்பேட்டையின் வாசலில் வேலைக்குச் செல்லும் பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்குகிற அந்த ஸ்டேஷனுக்கு வைத்தியசாலையின் பெயர் வந்ததற்குக் காரணமானவர் டாக்டர் டேவிட் சவுரிமுத்து.

க்ஷயரோகத்திற்கு மருந்தே இல்லாதிருந்த காலம் அது. சுத்தமான காற்று, சூரிய வெளிச்சம், போஷாக்கான ஆகாரம், ஓய்வு ஆகிய நான்கையும் தவிர வைத்தியர்களிடம் கொடுப்பதற்கு வேறொன்றும் இல்லை. சவுரிமுத்து இங்கிலாந்தில் வைத்தியம் படித்து, அங்கேயே சாமர்செட் பகுதியின் மெண்டிப் குன்றுகளில் க்ஷயரோகிகளுக்கான சானடோரியம் ஒன்றை நடத்தி வந்தார். கணித மேதை ராமானுஜன், தம்மைப் பற்றியிருப்பது க்ஷயரோகமென்று வைத்தியர்கள் கருதியதன்பேரில், 1917இல் சில காலம் தங்கிச் சிகிச்சை பெற்றது அங்கேதான். பிற்பாடு தாய்நாடு திரும்பிய சவுரிமுத்து, பட்டணத்தின் புகைக்கும் நெரிசலுக்கும் எட்டாத தூரத்தில், ஆனால் ரயிலில் எளிதாய் வந்து சேரக்கூடிய இடத்தில், இந்தத் தாம்பரத்துக் காட்டைத் தேர்ந்தெடுத்து, 1928 ஏப்ரலில் 250 ஏக்கர் நிலத்தில் பன்னிரண்டே படுக்கைகளோடு தம் சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அதைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டது.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகள் வந்த பிறகு, க்ஷயரோகியை வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா, அல்லது சானடோரியத்தில்தான் சேர்க்க வேண்டுமா என்ற கேள்வி உலகமெங்கும் எழுந்தது. அதற்குத் திட்டமான விடையைக் கண்டு சொன்னது நம் சென்னை நகரமே. 1956இல் சேத்துப்பட்டில் நிறுவப்பட்ட ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றொரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. நெருக்கடியான வீட்டில், சத்துக் குறைந்த உணவோடு இருந்த ஏழை நோயாளியும் மருந்தை ஒழுங்காக உட்கொண்டால் ஏறக்குறைய அதே அளவில் குணமடைகிறான் என்று 1959இல் அது வெளியிட்ட முடிவு, பல தேசங்களில் க்ஷயரோக வைத்தியத்தின் போக்கையே மாற்றிவிட்டது. காற்றுக்காகக் காட்டைத் தேடி வந்த ஸ்தாபனத்திற்கு அதன் மூலகாரணமே இப்படி மெல்ல விலகியது. எனினும் அது மூடப்படவில்லை. 1990களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொட்டுப் பார்க்கவே பலர் அஞ்சிய காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்டு வைத்தியம் செய்தது இதே சானடோரியம். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கும் இடமன்று அது; நோயாளிகளின் அமைதிக்கு இடையூறு கூடாது. வெளியிலிருந்து மரங்களைப் பார்த்தாலே போதும். சற்றுத் தள்ளி, 2005இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் வாசலில், தொலை தூரத்து ஊர்களிலிருந்து வந்து, சூரணப் பொட்டலத்திற்காகக் காலையிலேயே வரிசையில் நிற்கிற மனிதர்களைக் காணலாம். ஆரோக்கியத்தைத் தேடி இங்கே வருவது இன்றும் நின்றபாடில்லை.

அங்கிருந்து ஜிஎஸ்டி ரோட்டு ஓரமாகத் தாம்பரம் சந்திப்பு வரையில் நடப்பது இனிமையான காரியமென்று சொல்லமாட்டேன். நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். லாரிகளின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. உட்புறத் தெருக்கள் வழியாக வளைந்து போவது கால் மணி கூடுதலானாலும் மேல். வீட்டு வாசல்களில் கோலமும், காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எட்டிப் பார்க்கும் முருங்கையும், பால் பாக்கெட்டோடு திரும்புகிற பெரியவர்களும் அந்தத் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். ‘யாரைத் தேடறீங்க?’ என்று ஒருவராவது கேட்பார். யாரையும் தேடவில்லை, சும்மா ஊரைப் பார்க்க வந்தோமென்று சொன்னால், முதலில் சற்றுச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பிறகு அவரே அந்தத் தெரு வயலாக இருந்த காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்.

மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலை காலை ஏழு மணிக்கெல்லாம் விழித்து எழுந்துவிடுகிறது. காய்கறிகளைக் கோணிமேல் கொட்டிக் கூறு கட்டி வைப்பவர்கள் ஒரு புறம். இடது கை விரல்களுக்கிடையே வாழைநாரைப் பிடித்து, கண்கள் வாடிக்கைக்காரர்களை நோக்கியிருக்க, வலது கை மட்டும் தானாகவே மல்லிகையை இரண்டிரண்டாக எடுத்து வைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும் பூக்காரப் பெண்மணிகள் மற்றொரு புறம். அந்த முடிச்சில் ஒரு பூவும் நசுங்குவதில்லை, ஒரு பூவும் நழுவுவதில்லை. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரையில் அளந்து, கடைசியில் இரண்டு கண்ணி சேர்த்துக் கொடுத்துவிட்டு, ‘எடுத்துட்டுப் போ கண்ணு, வெள்ளிக்கிழமை’ என்று சொல்கிற அந்தக் குரலில் வியாபாரத்திற்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. இங்கே ஏதேனும் ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து, பொங்கலும் வடையும் சாப்பிட்டு, டபராவில் ஆற்றிய காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் மணி எட்டாகிவிடும். வழியில் பெண்களுக்குக் கழிப்பிட வசதி அரிதாகையால், ஹோட்டலிலேயே அந்தச் சௌகரியத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். இத்தனை பெரிய மாநகராட்சி எல்லைக்குள் இன்னும் இப்படி எழுத வேண்டியிருப்பது வருத்தத்திற்குரியது.

ஸ்டேஷனின் மேம்பாலத்தின்மீது ஏறி நின்றபோது ரயில்வேப் பெரியவர் பேசத் தொடங்கினார். 1925இல் பம்பாயில் மின்சார ரயில் ஓடத் தொடங்கிய ஆறே ஆண்டுகளில், 1931 மே மாதத்தில், சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் கேஜ் பாதையில் மின்சார வண்டிகளைத் தென்னிந்திய ரயில்வே விட்டது. ஆரம்பத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள் 1967இல் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்திற்கு மாறின. அகலப் பாதை அமைந்ததும், 2004 ஜூலை 1ஆம் தேதியோடு மீட்டர் கேஜ் மின்சார வண்டி விடைபெற்றது. இந்தப் பாதை போடப்பட்டபோது மாம்பலத்திற்குத் தெற்கே பெரும்பாலும் வயலும் ஏரியும் கருங்கல் குன்றுமாக இருந்தன. குடியிருப்பவர்களுக்காக ரயில் வந்தது என்பதைவிட, ரயில் வந்ததனால் குடித்தனங்கள் வந்தன என்பதே பொருந்தும். நங்கநல்லூரும் குரோம்பேட்டையும் சேலையூரும், மாதச் சம்பளக்காரர் ஒருவர் அரைக் கிரவுண்டு வாங்கி வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற ஆசையும் இந்தத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டே வளர்ந்தவை. இந்த வளர்ச்சியின் முடிவாக, 2021 நவம்பரில், தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் ஒன்றாகச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உதயமாயிற்று.

ரயில் வசதியை நம்பி வந்தவற்றுள் மகத்தானது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. ஜார்ஜ் டவுனில் 1837இல் பள்ளியாகத் தோன்றிய அந்த ஸ்தாபனம், சரியாக நூறாவது வயதில், 1937இல், தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. ஏறத்தாழ 365 ஏக்கர் பரப்புள்ள அந்த வளாகத்தை அனுமதி பெற்றுக்கொண்டே பார்க்க வேண்டும். பார்க்கக் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். ரசாயனப் பேராசிரியராயிருந்த எட்வர்ட் பார்ன்ஸ் என்பவருக்குத் தாவரங்களின்மீது இருந்த பிரேமை சாமானியமானதன்று. அவரும் அவர் மனைவி ஆலிஸும் அங்கிருந்த புதர்க்காட்டை அழிக்காமல் அதனிடையே மரங்களை நட்டு வளர்க்கப் பாடுபட்டார்கள். சேலையூர் ஹால், புனித தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்ற மாணவர் விடுதிகளுக்கு இடையிலான பாதைகளில் நடந்தால், வெளியே வேளச்சேரி ரோட்டில் கொளுத்துகிற வெயில் உள்ளே நாலைந்து டிகிரி தணிந்து போனதைப் போன்ற உணர்ச்சி உண்டாகிறது.

எங்கள் தாவர சாஸ்திர நண்பர் அங்கே எங்களை நிறுத்திக் காட்டியது பிரமாதமான மரமொன்றையுமன்று; காரை, சூரை, களா முதலான முட்புதர்களைத்தான். ‘இதுதான் சார் இந்த மண்ணோட நிஜமான காடு. பங்குனி சித்திரையிலகூட இது பச்சையா நிக்கும்’ என்றார். சோழமண்டலக் கடற்கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி உருவான இந்த உலர் பசுமைக் காடு, தாம்பரம், நன்மங்கலம், வண்டலூர் என்று இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. மழைநீரைப் பிடித்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் அனுப்பும் இந்தப் புதர்களை வெற்று முள்ளென்று நினைத்து வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அலங்காரப் புல்லை வளர்க்கிறோம்.

கல்லூரியைத் தாண்டிச் சேலையூரை நோக்கி நடக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகிறவர்களுக்கு இது ஒருநாளும் புலப்படாது. நடக்கிறவர்களின் முழங்கால்தான் முதலில் கண்டுபிடிக்கிறது. தரை மெதுவாகச் சரிகிறது. தாம்பரம் ஒரு மேட்டு நிலம். மேற்கே விழும் மழை முடிச்சூர்ப் பக்கமாக ஓடி அடையாற்றில் சேருகிறது. கிழக்கே விழும் மழை ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைகிறது. இந்தச் சரிவை அறிந்த பழைய குடியானவர்கள், தண்ணீர் ஓடிவிடாதபடி மேட்டிலிருந்து பள்ளம் வரையில் கரை கட்டிக் கட்டி, ஓர் ஏரி நிறைந்ததும் அதன் கலங்கல் வழியாக மிகுதி நீர் கீழ் ஏரிக்குப் போகும்படியாக அமைத்தார்கள். சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை என்று இன்று பஸ் நிறுத்தங்களாக நாம் சொல்கிற பெயர்களெல்லாம் அந்த ஏரிகளின் பெயர்கள். மேல் ஏரியின் கழிவுக்கால்தான் கீழ் ஏரிக்கு வரத்துக்கால். இடையில் ஒரு கண்ணி அறுந்தால் மேலே இருப்பவன் வெள்ளத்திலும் கீழே இருப்பவன் வறட்சியிலும் அகப்பட்டுக்கொள்வான்.

ஏரிக்கரையொன்றின்மேல் ஏறி நின்று இந்த ஏற்பாட்டைக் கண்ணால் பார்ப்பது ஓர் அனுபவம். கரையின் ஓரிடத்தில், கருங்கற்களை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் பாவி, அதன் நடுவே துளையிட்டுக் கட்டிய பழைய மதகு நிற்கக் காண்கிறோம். அந்தத் துளையில் கழியைச் செருகி, அடியிலுள்ள தூம்பின் வாயைத் திறப்பார்கள், மூடுவார்கள். கரைக்கு வெளியே, தண்ணீர் பாய்ந்து போன திக்கில், இப்போது நான்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. வயலும் இல்லை, வயலுக்குத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டியும் இல்லை. மதகுக்கல் மட்டும் தன் இடத்தைவிட்டு நகரவில்லை. தண்ணீரில் ஆகாயத்தாமரை படர்ந்திருக்கிற மூலையில் தாழைக்கோழிகள் நடை பழகுகின்றன. திறந்த நீரில் முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாம் எதிர்பாராத இடத்தில் எழும்புகிறது. நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டு கம்பத்தின்மேல் உட்கார்ந்திருக்கிறது. காற்று மாறி அடிக்கும்போது சாக்கடையின் நாற்றமும் வருகிறது.

2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரையிலான இருபத்துநான்கு மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் முதல் மாடி வரையில் தண்ணீர் ஏறி, படகில் வந்து ஜனங்களை மீட்டார்கள். அவ்வளவு மழை எந்த ஊரையும் கலக்கிவிடும் என்பது வாஸ்தவம்தான். ஆனால் கால்வாயின்மேல் தெருவும், கலங்கலின் எதிரே மதில்சுவரும் இருந்தால் தண்ணீர் எங்கே போகும்? அது தன் பழைய வழியிலேயே வந்தது. அந்த வழியில் நாம் உட்கார்ந்திருந்தோம். மனை வாங்கப் போகிறவர்கள், தரகரின் காரில் போய் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காமல், அந்தப் பேட்டையில் ஒரு நாள் முழுதும் நடந்து, மேடு எது, பள்ளம் எது, வாய்க்கால் எங்கே தொடங்கி எங்கே மறைகிறது என்று பார்த்துவிடுவார்களானால், எத்தனையோ குடும்பங்களின் ஆயுட்காலச் சேமிப்புத் தண்ணீரில் போகாமல் தப்பும். செம்பாக்கம் ஏரியைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தியிருக்கிறார்கள். சிட்லபாக்கத்தில் ஏரியைக் காப்பாற்ற அவ்வூர்வாசிகளே பல வருஷம் பாடுபட்டார்கள். இந்தச் சங்கிலியின் கடைக்கோடியிலுள்ள பள்ளிக்கரணை, 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. கடைக்கோடி பிழைக்க வேண்டுமானால் தலைமாடு சுத்தமாயிருந்தாக வேண்டும்.

மத்தியான வெயிலில் நடப்பது புத்திசாலித்தனமன்று. கேம்ப் ரோட்டுச் சந்திப்பில் சாப்பாட்டை முடித்துக்கொண்டு, சேலையூரில் சாந்தானந்த சுவாமிகள் நிறுவிய ஸ்கந்தாசிரமத்துப் பக்கத்திலோ, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையிலோ இரண்டு மணி நேரம் இளைப்பாறலாம். எங்கள் பேச்சு அங்கே ஊரைவிட்டு எங்கெங்கோ போயிற்று. பிள்ளைகளின் கல்யாணம், மறைந்துபோன சிநேகிதர், மூட்டுவலிக்கு வேப்பெண்ணெய் நல்லதா என்ற விசாரம். நாள் முழுவதும் கூட இருக்கும்போதுதான் இப்படிப்பட்ட பேச்சு வருகிறது; ஒரு மணி நேரச் சந்திப்பில் க்ஷேமலாபங்களுக்கு மேலே போக முடிவதில்லை.

மூன்றரை மணிக்குப் புறப்பட்டால், கோவில் திறக்கும் நேரத்திற்கு மாடம்பாக்கம் போய்ச் சேரலாம். முடியாதவர்களுக்கு ஷேர் ஆட்டோ உண்டு. தேனுபுரீசுவரர் ஆலயம், அடுக்குமாடிக் கட்டிடங்களைக் கடந்து வருகிறவர்களுக்கு, ஆயிரம் வருஷத்திற்கு முற்பட்டதென்று நம்புவதற்கே கடினமாயிருக்கும். ராஜராஜனின் தந்தையான சுந்தரசோழன் காலத்தில் பத்தாம் நூற்றாண்டில் தோன்றி, முதற் குலோத்துங்கன் காலத்தில் விரிவுபெற்ற இக்கோவில், இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கபில முனிவர் பசுவாய்ப் பிறந்து, பால் சொரிந்து வழிபட்டுச் சாபம் நீங்கினார் என்பது தலபுராணம். லிங்கத்திருமேனி மிகச் சிறியது. அருணகிரிநாதர் இத்தலத்து முருகனைத் திருப்புகழில் பாடியிருக்கிறார்.

தரிசனம் முடிந்ததும் அவசரமாக வெளியேறிவிடாமல், பிராகாரத்தில் கர்ப்பக்கிருகத்தின் பின்புறம் போய் நிற்க வேண்டும். பெரும்பாலான கோவில்களில் அந்தச் சுவர் நேராகச் சதுரமாக இருக்கும். இங்கே அது அரைவட்டமாக வளைந்து செல்கிறது. மேலே விமானமும் அதே வளைவோடு எழுந்து, யானையொன்று படுத்துறங்கும்போது அதன் பின்புறம் தோன்றுவதுபோல உருண்டு முடிகிறது. தூங்கானைமாடம் என்று நம் முன்னோர்களும் கஜபிருஷ்டம் என்று சில்ப சாஸ்திரமும் சொல்லும் இந்த வடிவம் தொண்டை மண்டலத்தில்தான் அதிகம் காணக் கிடைக்கிறது. வளைந்த சுவருக்குக் கல் இழைப்பது எளிதன்று. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் அதற்குரிய அளவில் தனித்தனியே வளைத்துச் செதுக்கியாக வேண்டும். ஒன்று பிசகினாலும் அடுத்தது பொருந்தாது. எங்கள் அம்மையார், கல்வெட்டு வரிகள் அந்த வளைவோடு வளைவாக ஓடுகிற இடத்தில் விரலைப் படாமல் நீட்டிக்கொண்டே போய், ‘ஸ்வஸ்திஸ்ரீ’ என்று தொடங்கும் இடத்தைக் கண்டுபிடித்தபோது, பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள் ஓடி வந்து, ‘ஆன்ட்டி, இதைப் படிக்க முடியுமா?’ என்று வியந்து கேட்டார்கள். அடுத்த அரைமணி நேரம் அவர்களுக்கு அவர் ஒவ்வோர் எழுத்தாகக் காட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை.

முன்மண்டபத்துத் தூண்கள் பிற்காலத்து விஜயநகரப் பாணியைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றில் சரபேசுவரர் உருவம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராகு காலத்தில் அதற்கு விசேஷ பூஜை நடைபெறுவதால், அன்று போகிறவர்களுக்குத் தூணும் சிற்பமும் கூட்டத்தில் மறைந்துவிடும். சிற்பம் பார்க்க விரும்புகிறவர்கள் வாரநாளில் போவது உத்தமம்.

ஒரே பகலில் இவ்வளவுதான் இயலும். இதற்கு மேல் பார்க்க ஆசைப்பட்டால் பார்த்தது எதுவும் மனத்தில் தங்காது. மற்றொரு நாளைக்கு வடபுறம் இருக்கிறது. நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நான்கு கோலங்களில் பெருமாள் எழுந்தருளியிருக்கும் திருநீர்மலையும், 1949இல் சி. ராஜம் தம் சொந்த மாளிகையை விற்று நிறுவிய, அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் ஒரு பகலுக்குப் போதும். பல்லாவரத்திற்கு என்று தனியாக ஒரு நாள் வேண்டும். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோவில் அங்கே தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. 1863 மே 30ஆம் தேதி, நிலவியல் நிபுணர் ராபர்ட் புரூஸ் ஃபூட், அங்குள்ள ராணுவ மைதானத்துச் சரளைக் குழியிலிருந்து கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற அறிவே அந்த ஒரு கல்லிலிருந்துதான் விரிந்தது. சுற்றியுள்ள குன்றுகளின் நீலஞ்சாய்ந்த கருங்கல்லுக்கும் ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் சமாதிமேல் கிடக்கும் கல்லும் சென்னைப் பிரதேசத்து இந்தக் கல்லும் ஒரே இனமென்று கண்ட தாமஸ் ஹாலந்து, அதற்குச் சார்னோக்கைட் என்று பெயரிட்டார். உலகத்து நிலவியல் நூல்களிலெல்லாம் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

பல்லாவரத்திற்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போக வேண்டும். பழைய டிரங்க் ரோட்டில் அன்றைக்குச் சந்தை கூடுகிறது. செடி கன்றுகளும், பழைய மரச்சாமான்களும், ஸ்பானர், ரம்பம் முதல் பித்தளைக் குத்துவிளக்கு வரையிலான கைமாறிய பொருள்களும் தரையில் பரப்பப்பட்டிருக்கும். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் ஏறிவிடுவதால், கல்லும் குகையும் பார்ப்பதைப் பிற்பாடு வைத்துக்கொண்டு, முதல் காரியமாகச் சந்தைக்குப் போய்விடுவது நலம். சில்லறை கொண்டு போக வேண்டும். பையும் கொண்டு போக வேண்டும்.